இன்டெல் வாங்கலாமா, ஏ.எம்.டி. வாங்கலாமா: பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு பதில்

சிப் நிறுவனங்களின் பங்குகளைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: யாருடைய சிப் நல்ல சிப்? என் தம்பி கேட்கிறான், அவனோடு வேலை செய்யும் பையன்கள் கேட்கிறார்கள், கோவிலில் பார்க்கும் மாமா ஒருவர் அன்னதான வரிசையில் நின்றுகொண்டே கேட்டார். நான் மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் சிப் டெஸ்டிங்கில் வேலை செய்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையிடத்தில் காதில் விழும் உள்விஷயத்தை வைத்துப் பங்கு வாங்குவது நம் நாட்டில் குற்றம், சிறைத் தண்டனை வரைக்கும் போகும், அதனால் அப்படி எதையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஊருக்கே தெரிந்த விஷயங்களை வைத்துத்தான் எழுதுகிறேன்.

என் பதில் இது. எந்தச் சிப் வேகமானது என்ற கேள்வி பங்கு வாங்குபவருக்குப் பெரிதாக உதவாது. சொன்ன சிப்பை, சொன்ன காலாண்டில், சொன்ன எண்ணிக்கையில், லாபம் நிற்கிற செலவில் செய்து கொடுத்தார்களா என்று பாருங்கள். கணினிச் சிப்பில் போட்டி போடும் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளான இன்டெல், ஏ.எம்.டி. கதையில் கடந்த பத்து வருடத்தில் பங்கு விலை பெரிதாக ஏறியதற்கும் விழுந்ததற்கும் அடியில் போய்த் தோண்டினால் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும்.

இந்த இரண்டு பேரின் போட்டி நம் ஊருக்குப் புதிதில்லை. லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்தபோது 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது, அங்கே முதலில் வந்து உட்கார்ந்த எட்டு கம்பெனிகளில் இன்டெலும் உண்டு, ஏ.எம்.டி.யும் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் திறந்த முதல் அசெம்ப்ளி ஆலையே பினாங்கு ஆலைதான், அப்போது சுற்றிலும் நெல் வயல். என் அம்மா எழுபதுகளின் கடைசியில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டிய தலைமுறை. தோட்டத்தை விட்டு வெளியே வந்த பெண்களுக்கு அந்த வேலை மாதச் சம்பளமும், வாசலுக்கே வரும் தொழிற்சாலை பஸ்ஸும், சொந்தக் கையில் காசும் கொடுத்தது. எண்பதுகளின் கடைசியில் இன்டெலும் ஏ.எம்.டி.யும் அமெரிக்காவில் கோர்ட் ஏறிச் சண்டை போட ஆரம்பித்தார்கள், ஆனால் இங்கே சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கம்பெனிப் பெண்களும் ஒரே கடையில்தான் சாப்பிட்டார்கள் என்று அம்மா சொல்வார்.

சரி, ஏ.எம்.டி.யின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

2015-இல் ஏ.எம்.டி. பங்கு இரண்டு டாலருக்கும் கீழே கிடந்தது. சிப் செய்யும் ஆலைகளை 2009-லேயே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், அதுதான் இன்று குளோபல்ஃபவுண்ட்ரீஸ். 2016-இல் பினாங்கிலும் சீனாவின் சூஜோவிலும் இருந்த அசெம்ப்ளி, டெஸ்டிங் ஆலைகளில் 85 விழுக்காட்டு உரிமையை ஒரு சீன நிறுவனத்துக்கு விற்றார்கள். கையில் பணமில்லாத கம்பெனி வீட்டுச் சாமான்களை விற்கிறது என்றுதான் இங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். 2014 அக்டோபரில் லீசா சூ தலைமைக்கு வந்திருந்தார், புதிதாக ஒரு சிப் வடிவமைப்பு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், நம்பியவர்கள் குறைவு. 2017 மார்ச்சில் அந்த வடிவமைப்பில் ரைசன் என்ற சிப் வந்தது. 2019-இல் அடுத்த பெரிய மாற்றம் வந்தது, அது சொன்ன நேரத்துக்கே வந்தது.

அந்த 2019 மாற்றத்தை டெஸ்டிங் வேலை செய்பவர்களின் கண்ணால் பார்த்தால்தான் அருமை தெரியும். வேஃபர் என்ற ஒரு வட்டமான சிலிக்கான் தகட்டில் இருந்து 100 பெரிய சில்லுகள் வெட்டுகிறோம் என்று வையுங்கள். வேஃபரில் அங்கங்கே 20 இடத்தில் பழுது இருந்தால், பழுது விழுந்த 20 சில்லும் குப்பைக்குப் போகும், மிச்சம் 80. அதே வேஃபரை 400 சின்னச் சில்லுகளாக வெட்டினால்? பழுது அதே 20 தான், குப்பைக்குப் போவதும் 20 தான், ஆனால் இப்போது 380 நல்ல சில்லு கையில் இருக்கிறது. நூற்றுக்கு இருபது வீணானது நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்துவிட்டது. ஏ.எம்.டி. இதைத்தான் செய்தது: சின்னச் சின்னச் சில்லுகளாகச் செய்து, நல்லதை மட்டும் பொறுக்கி, ஒரே பேக்கேஜில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டி, பெரிய சர்வர் சிப்பாக விற்றது. மூளையாக வேலை செய்யும் சில்லுகளை மட்டும் தைவானின் டி.எஸ்.எம்.சி.யின் 7 நானோமீட்டர் ஆலையில் (இந்த எண் குறையக் குறையச் செய்முறை புதிது, நுணுக்கம் அதிகம்) செய்தார்கள், அவ்வளவு நுணுக்கம் தேவைப்படாத பகுதியைப் பழைய, விலை குறைந்த ஆலையில் செய்தார்கள். வெட்டியதில் எத்தனை நல்லதாகத் தேறுகிறது என்ற இந்தக் கணக்கைத்தான் நாங்கள் யீல்டு என்று தினமும் பேசுகிறோம், பங்குச் சந்தைக்காரர்களுக்கு அதன் பலன் மொத்த லாப விகிதத்தில், அதாவது விற்ற காசில் செய்யும் செலவு போக நிற்கும் பங்கில், தெரியும்.

இதே வருடங்களில் இன்டெல் என்ன செய்துகொண்டிருந்தது? 10 நானோமீட்டர் சிப்பை 2016 வாக்கில் கொடுப்பதாக இருந்தவர்கள், தள்ளித் தள்ளி 2019-இல்தான் பெரிய அளவில் வெளியே கொண்டுவந்தார்கள். மூன்று வருடம் இந்தத் தொழிலில் ஒரு தலைமுறைக்கும் மேல். அவர்களுடைய பொறியாளர்கள் திறமை குறைந்தவர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இங்கே அவர்களோடு பழகியவள் நான். ஒரே நேரத்தில் பல புது விஷயங்களைச் சேர்த்து ஆலையில் ஏற்றியபோது யீல்டு கைகொடுக்கவில்லை, அதுதான் நடந்தது.

அப்புறம் 2020 ஜூலை. அடுத்த தலைமுறையான 7 நானோமீட்டரும் தாமதமாகும் என்று இன்டெல் காலாண்டு முடிவோடு சேர்த்துச் சொன்னது. அந்தக் காலாண்டின் விற்பனை நன்றாகவே இருந்தது, எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆனாலும் மறுநாள் இன்டெல் பங்கு 16 விழுக்காடு விழுந்தது, அதே நாளில் ஏ.எம்.டி. கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. ஏ.எம்.டி. அன்றைக்குப் புதிதாக எதையும் அறிவிக்கவில்லை. ஒருவர் சொன்ன தேதி தவறியதால் இன்னொருவர் பங்கு ஏறியது, அவ்வளவுதான்.

சந்தை இன்றைய கடையைப் பார்த்து விலை போடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு ஒன்று உண்டு. 2024 முழு வருடத்தில் இன்டெலின் விற்பனை 53 பில்லியன் டாலர், ஏ.எம்.டி.யின் விற்பனை 26 பில்லியனுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது பாதி. ஆனால் அந்த வருடக் கடைசியில் பங்குச் சந்தை ஏ.எம்.டி.க்குப் போட்ட மதிப்பு இன்டெலின் மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2017-இல் சர்வர் சந்தையில் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்த ஏ.எம்.டி. 2024-இல் எண்ணிக்கையில் கால் பங்கை நெருங்கிவிட்டது, அந்த ஏற்றம் இன்னும் போகும் என்று வாங்குபவர்கள் நம்பினார்கள். இன்டெல் அந்த வருடம் 18 பில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது, சொந்த ஆலைகள் ஒரு பக்கம் பணத்தைக் குடித்துக்கொண்டிருந்தன.

2024 ஆகஸ்ட் 2-ஆம் தேதியை இங்கே பலர் மறக்க மாட்டார்கள். 15,000 பேரை வேலையில் இருந்து எடுக்கிறோம், 1992-இல் இருந்து கொடுத்து வந்த டிவிடெண்டை நிறுத்துகிறோம் என்று இன்டெல் சொன்னதும் பங்கு ஒரே நாளில் 26 விழுக்காடு விழுந்தது. ஐம்பது வருடத்தில் அந்தப் பங்கு ஒரே நாளில் அவ்வளவு விழுந்ததில்லை. அந்த நவம்பரில் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் இருக்கும் டௌ ஜோன்ஸ் பட்டியலில் இருந்து இன்டெலை எடுத்துவிட்டு, ஏ.ஐ. சிப் விற்கும் என்விடியாவைப் போட்டார்கள். பங்கு விலையைப் பற்றி எழுதும்போது ஆள்குறைப்பை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் அடுக்குமாடியில் ஒரு அண்ணன், வேறொரு ஆலையில், இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர், இதே மாதிரி ஒரு சீசனில் வேலை போய், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வாகனத்தை விற்றார். செலவைக் குறைக்கிறோம் என்று கம்பெனி அறிவித்தால் சில சமயம் பங்கு ஏறும், அந்த ஏற்றத்தில் இவரைப் போன்றவர்களின் சம்பளம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

என்விடியாவுக்கு வருகிறேன். அங்கே போட்டி வேறு வடிவத்தில் நடக்கிறது. 2023 மே மாதம் அடுத்த காலாண்டில் 11 பில்லியன் டாலர் விற்பனை வரும் என்று என்விடியா சொன்னது, ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததோ 7 பில்லியனை ஒட்டித்தான். மறுநாள் பங்கு 24 விழுக்காடு ஏறியது. ஏ.எம்.டி.யும் கூடவே 11 விழுக்காடு ஏறியது, இன்டெல் மட்டும் 5 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. போட்டியாளருக்கு நல்லது நடந்தால் மற்ற எல்லோருக்கும் கெட்டது என்று நினைப்பவர்கள் இந்த நாளைப் பார்க்க வேண்டும். ஏ.ஐ. சிப்புக்குச் சந்தை பெரிதாகிறது, அதில் இரண்டாவது கடை வைக்க ஏ.எம்.டி.யால் முடியும் என்று வாங்குபவர்கள் கணக்குப் போட்டார்கள். தரவு மையம் கட்டுபவர்கள் பணத்தை என்விடியா பக்கம் திருப்பினால் இன்டெலின் சர்வர் சிப்புக்கு மிச்சம் குறையும் என்றும் கணக்குப் போட்டார்கள்.

ஆனால் எதிர்பார்ப்பு ஏறிவிட்டால் நல்ல முடிவும் பத்தாது. 2024 ஆகஸ்டில் என்விடியா 30 பில்லியன் டாலர் காலாண்டு விற்பனை காட்டியது, முந்தைய வருடத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல், ஆனாலும் மறுநாள் பங்கு 6 விழுக்காடு இறங்கியது. 2025 ஜனவரி 27 அன்று நிலைமை அதைவிட மோசம்: சீனாவின் டீப்சீக் குறைந்த செலவில் நல்ல ஏ.ஐ. மாடல் செய்துவிட்டது என்ற செய்தியில், இவ்வளவு சிப் இனித் தேவைப்படுமா என்று சந்தை பயந்து, என்விடியாவின் மதிப்பு ஒரே நாளில் ஏறக்குறைய 590 பில்லியன் டாலர் கரைந்தது. அன்றைக்கு எந்தப் போட்டியாளரும் அவர்களைவிட நல்ல சிப் கொண்டுவரவில்லை. அதே வருடம் அக்டோபருக்குள் அந்தக் கம்பெனி 5 டிரில்லியன் டாலரைத் தொட்டது. இந்த வேகத்தில் ஏறி இறங்கும் பங்கில் அடுத்த மாத வீட்டுத் தவணைக் காசைப் போடாதீர்கள் என்று தம்பியிடம் கையைப் பிடித்துச் சொன்னேன்.

இப்போது வாடிக்கையாளர்களே போட்டியாளர்களாகவும் ஆகிவிட்டார்கள். ஆப்பிள் 2020-இல் தன் கணினிகளில் இன்டெலை விட்டுச் சொந்தச் சிப்புக்கு மாறத் தொடங்கியது. கூகுள் தன் ஏ.ஐ. சிப்பை பிராட்காம் என்ற அமெரிக்கச் சிப் கம்பெனியின் உதவியோடு செய்கிறது. அந்த பிராட்காமை நடத்தும் ஹாக் டான் பினாங்கில் பிறந்தவர். 2024 டிசம்பரில் அவர் மூன்று பெரிய வாடிக்கையாளர்களிடம் இருந்து 2027 வாக்கில் வரக்கூடிய ஏ.ஐ. சந்தையைப் பற்றிப் பேசியதும் பிராட்காம் பங்கு ஒரே நாளில் 24 விழுக்காடு ஏறி ஒரு டிரில்லியன் டாலரைத் தாண்டியது. நம் ஊர்ப் பையன் என்று பெருமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இந்தச் சண்டையில் எல்லோருக்கும் செய்து கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், டி.எஸ்.எம்.சி. என்விடியா, ஏ.எம்.டி., ஆப்பிள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். இன்டெலே 2024-இல் தன் மடிக்கணினிச் சிப்பின் முக்கியச் சில்லை அங்கே கொடுத்துச் செய்தது. யார் ஜெயித்தாலும் அவர்களுக்குக் கூலி உண்டு. தைவானில் நிலநடுக்கமும் அரசியலும் இருக்கிறது, அதை மறந்துவிட்டு வாங்கக் கூடாது, ஆனாலும் எதிரெதிராக நிற்கும் இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் முதலில் படிக்க வேண்டியது இவர்களுடைய காலாண்டு அறிக்கையைத்தான் என்பது என் எண்ணம்.

இதே கேள்வியை மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில் இருக்கும் நம் ஊர்க் கம்பெனிகளுக்கும் கேளுங்கள், அதாவது இவர்கள் யாருக்காகச் செய்கிறார்கள் என்று. இனாரி என்றால் பெரும்பகுதி பிராட்காம் வேலை, அதாவது கைபேசிக்குள் போகும் ரேடியோ அலைச் சிப். பிராட்காமின் ஏ.ஐ. வியாபாரம் பறக்கிறது என்ற செய்தியைப் பார்த்து இனாரியை வாங்குபவர், இனாரியின் கைக்கு வருவது கைபேசி வேலை என்பதைப் பார்க்காமல் வாங்குகிறார். விட்ராக்ஸ், பென்டாமாஸ்டர் போன்றவர்கள் சிப் செய்வதில்லை, ஆலைகளுக்குப் பரிசோதனை இயந்திரமும் தானியங்கி இயந்திரமும் செய்து விற்கிறார்கள், அதனால் ஆலைக்காரர்கள் விரிவாக்கத்தைத் தள்ளிப்போட்டால் இவர்களுக்கு முதலில் வலிக்கும். எல்லாவற்றையும் டெக் பங்கு என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை.

ரிங்கிட்டையும், அதாவது நம் வெள்ளியையும், சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2024 ஜூலையில் ஒரு டாலர் 4 வெள்ளி 70 சென் வாக்கில் இருந்தது, செப்டம்பர் கடைசியில் 4 வெள்ளி 12 சென்னுக்கு வந்தது. அமெரிக்கப் பங்கு டாலரில் அசையாமல் நின்றிருந்தாலும் நம் கணக்கில் பன்னிரண்டு விழுக்காடு போயிருக்கும். டாலரில் விற்று வெள்ளியில் சம்பளம் கொடுக்கும் நம் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கும் அந்த மூன்று மாதம் கசப்பாகத்தான் இருந்தது. அமெரிக்க டிவிடெண்டில் 30 விழுக்காட்டை அங்கேயே பிடித்துக்கொண்டுதான் நமக்கு அனுப்புவார்கள், டிவிடெண்டுக்காகவே வாங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, பெரிய கம்பெனிகளின் முடிவுகள் நியூயார்க் சந்தை மூடிய பிறகு வரும், அது நமக்கு விடியற்காலை நாலு, ஐந்து மணி. நைட் ஷிஃப்ட் ஓய்வறையில் கைபேசி வெளிச்சத்தில் முதல் எண்ணைப் பார்த்தவுடன் ஆர்டர் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் வரும் முதல் ஏற்றம், ஒரு மணி நேரம் கழித்து நிர்வாகம் அடுத்த காலாண்டைப் பற்றிப் பேசும்போது சில சமயம் அப்படியே திரும்பிவிடும். அந்தப் பேச்சு முடியும்வரை பொறுங்கள்.

இன்டெல் அதன் பிறகு எங்கே வந்து நின்றது என்று கேட்டால், 2025 மார்ச்சில் லிப்-பூ டான் தலைவராக வந்தார், ஜொகூர் மூவாரில் பிறந்தவர். ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கமே ஒரு பங்கு 20 டாலர் 47 சென்ட் என்று கிட்டத்தட்ட 10 விழுக்காட்டை எடுத்தது, செப்டம்பரில் என்விடியா 5 பில்லியன் டாலர் போடுவதாக அறிவித்தது, அந்த ஒரே நாளில் பங்கு 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. அந்த அக்டோபரில் 35 டாலருக்கு மேல் இருந்தது. 2024-இல் "இவ்வளவு கீழே இருக்கு அக்கா, வாங்கலாமா" என்று கேட்ட தம்பி இப்போது "இவ்வளவு ஏறிடுச்சு அக்கா, இன்னும் வாங்கலாமா" என்று கேட்கிறான். இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி புதுப் பணமும் புது ஆதரவும் கொடுத்த நம்பிக்கை. ஆலை இனிமேல்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் நான் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு விஷயம். அரிசோனாவில் 18ஏ என்ற புது முறையில் இன்டெல் செய்ய ஆரம்பித்திருக்கும் சிப்புகளின் யீல்டு மொத்த லாப விகிதத்தில் ஏற்றமாகத் தெரிகிறதா என்பது ஒன்று. வெளி வாடிக்கையாளர் யாராவது, பெயரைச் சொல்லி, பெரிய அளவில், தன் சிப்பை இன்டெல் ஆலையில் செய்யக் கொடுக்கிறாரா என்பது இன்னொன்று. இரண்டும் நடந்தால் 2021-இல் இன்டெல் மலேசியாவுக்கு அறிவித்த 30 பில்லியன் ரிங்கிட் முதலீட்டுக்கும் நிறைய வேலை வரும், நம் பிள்ளைகளுக்கும் வேலை வரும், அதற்காகவே இது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தம்பியிடம் ஆசையைச் சொல்லவில்லை. ஏ.எம்.டி., இன்டெல், டி.எஸ்.எம்.சி. மூன்றின் கடைசி நான்கு காலாண்டு அறிக்கைகளை எடுத்து, போன முறை என்ன சொன்னார்கள், இந்த முறை என்ன கொடுத்தார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு வா, உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.